லேஅவுட் தெரு ஊராட்சி கணக்கிலேயே இல்லையாம், அப்போது ரிப்பேர் செலவு யார் தலையில்?

கடைசிவீடு:

தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. 1994-இல் பிரித்த லேஅவுட், 30 மனை, நடுவில் ஒரே தெரு, 600 அடி நீளம், 20 அடி அகலம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி கிடையாது, அன்றைய ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மட்டும்தான், அப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். இன்றைக்கு 22 மனையில் வீடு, மீதி 8 காலி, சீமைக்கருவேலம் வளர்ந்து கிடக்கிறது.

மனை போட்டவர் ஆரம்பத்தில் ஜல்லி கொட்டி உருட்டிவிட்டுப் போனதோடு சரி. அப்புறம் ஊராட்சியே வந்து குடிநீர்க் குழாய்க்காக நடுவில் தோண்டி, மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். மழையில் அது உள்வாங்கி, தெரு முழுக்க நீளமாக ஒரு பள்ளம். பத்தாம் நம்பர் மனையில் கீழ்த்தளத்தை டைல்ஸ் குடோனுக்கு விட்டிருக்கிறார்கள், லோடு வண்டி தினமும் வருகிறது. பள்ளி வேன்காரர் உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். போன மழையில் தெருப் பெரியவர் ஒருவரை மெயின் ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸ் வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஊராட்சி செயலரிடம் கேட்டால், "இந்தத் தெரு எங்கள் பதிவேட்டில் இல்லை, தானப் பத்திரம் கொடுக்கவில்லை, அதனால் நிதி ஒதுக்க முடியாது" என்கிறார். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டோம். பேவர் பிளாக், சதுர அடி 95 ரூபாய், மொத்தம் 12,000 சதுர அடி, 11 லட்சத்து 40 ஆயிரம். 30 மனைக்கும் பிரித்தால் ஆளுக்கு 38,000. வீடு இருப்பவர்கள் மட்டும் என்றால் கிட்டத்தட்ட 52,000. இந்தக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட்ட நிமிடத்திலிருந்து ஒரே சண்டை. நான் இருப்பது கடைசி வீடு, எனக்குத்தான் அவசரம் அதிகம் என்று குத்திக் காட்டுகிறார்கள். யார் தர வேண்டும், எந்தக் கணக்கில் தர வேண்டும், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முனைவீட்டுக்காரன்:

நான் வேறு ஊர், ஆனால் முனை வீடு, அதனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். என் கேட் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. உள்தெருவில் நான் கால் வைப்பதே பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். கடைசி வீட்டுக்காரர் 600 அடியும் பயன்படுத்துகிறார், நான் ஆறடி கூடப் பயன்படுத்தவில்லை. இரண்டு பேரும் ஒரே தொகை தர வேண்டும் என்றால் அது என்ன கணக்கு? தூரத்தை வைத்துப் பிரியுங்கள், என் பங்கைத் தருகிறேன்.

கடைசிவீடு:

எங்கள் முனை வீட்டுக்காரரும் அச்சு அசல் இதையேதான் சொல்கிறார் சார். ஆனால் அவர் வீட்டு செப்டிக் டேங்க் மூடி உள்தெருப் பக்கம்தான் இருக்கிறது. கழிவுநீர் லாரி வந்தால் எங்கள் தெருவில்தான் நிற்கும். அவர் மகனுடைய காரும் இரவில் உள்தெருவில்தான்.

வரிகட்டியவன்:

என்னங்க இது, வீட்டு வரி கட்டுகிறோம், தண்ணீர் வரி கட்டுகிறோம், பத்திரம் பதியும்போது லட்சக்கணக்கில் முத்திரைத்தாள் கட்டணம் கட்டினோம், இதற்கும் மேல் ரோட்டுக்கும் நாமே கொடுக்க வேண்டுமா? தெருவிளக்கு யார் போட்டது? ஊராட்சி. குழாய் யார் போட்டது? ஊராட்சி. தோண்டி நாசம் பண்ணியதும் அவர்கள்தான். தோண்டும்போது மட்டும் அவர்கள் தெரு, போடும்போது நம்முடைய தெருவா? கூட்டமாகப் போய் மெயின் ரோட்டில் உட்காருங்கள், தானாக வருவார்கள். ஒரு பைசா வசூல் பண்ணாதீர்கள், பண்ணிவிட்டால் "அதுதான் நீங்களே போட்டுக்கொண்டீர்களே" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள்.

பத்திரக்கட்டு:

கோபம் நியாயம்தான், ஆனால் வீட்டு வரிக்கும் தெரு யாருடையது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வரி உங்கள் கட்டடத்துக்கு. புறம்போக்கில் வீடு கட்டியிருந்தாலும் வரி வாங்குவார்கள், அதனால் இடம் நம்முடையது ஆகிவிடுமா?

விஷயம் இதுதான். 1994 ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் முதலில் வருவது சாலை போடுவதும் பராமரிப்பதும்தான், 110-ஆவது பிரிவு. ஆனால் அங்கே சொல்லியிருப்பது பொதுச் சாலைகளை. லேஅவுட் தெரு பொதுச் சாலை ஆவதற்கு வழக்கமான வழி, மனை போட்டவர் அதை உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுப்பது. டிடிசிபி, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி பெற்ற லேஅவுட்டில் இதை முடிக்காமல் இறுதி ஒப்புதல் வராது. 90-களில் ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு நின்றுபோன லேஅவுட்டுகளில் பெரும்பாலும் இதை யாரும் செய்யவில்லை. வரைபடத்தில் ரோடு என்று கோடு இருக்கும், பட்டா இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே இருக்கும், சில இடங்களில் அவருக்கு முன்னால் நிலம் வைத்திருந்த விவசாயி பெயரில் கூட இருக்கும்.

அப்போது இடம் அவருடையது என்றால் ரிப்பேரும் அவர்தானே செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். உங்களுக்கு அந்தத் தெருவில் இருப்பது நடைபாதை உரிமை, உங்கள் கிரயப் பத்திரத்தில் நாலெல்லை எழுதும் இடத்தில் "20 அடி ரோட்டுக்குத் தெற்கு" என்று இருக்கும் பாருங்கள், அது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், 25-ஆவது பிரிவு, அந்த மாதிரி உரிமையைப் பயன்படுத்த வேண்டிய ரிப்பேர் செலவு அந்த உரிமையை அனுபவிப்பவருடையது என்கிறது. நிலத்துக்காரர் உங்களைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான், ஜல்லி கொட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. விற்பனை ஒப்பந்தத்தில் "ரோடு போட்டுத் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேறு கதை, ஆனால் முப்பது வருடத்துக்கு அப்புறம் அதை வைத்து வழக்குப் போட்டால் காலாவதி என்று தூக்கி வீசிவிடுவார்கள்.

ஆக, இன்றைய நிலையில் செலவு உங்கள் தலையில்தான். இந்த நிலையை மாற்றாமல் 11 லட்சத்தைக் கொட்டலாமா என்பதுதான் என் கேள்வி.

வரிகட்டியவன்:

சட்டம் எல்லாம் சரி சார், பிறகு எதற்கு அரசாங்கப் பணத்தில் தனியார் நிலத்தில் குழாய் போட்டார்கள்?

பத்திரக்கட்டு:

அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம். விளக்குக் கம்பம், குழாய், குப்பை வண்டி வருவது, இதெல்லாம் ஊராட்சியே அதைப் பொதுத் தெருவாக நடத்தியதற்குச் சாட்சி. குழாய் போட்ட வேலைக்கு மதிப்பீடு, பணி ஆணை என்று கோப்பு இருக்கும், அதில் தெருப் பெயர் எழுதியிருப்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த நகலைக் கேளுங்கள், 10 ரூபாய்தான் மனுக் கட்டணம். அதை இணைத்துக் கிராம சபையில் தீர்மானம் கேட்டால் "எங்களுக்குத் தெரியாத தெரு" என்று சொல்ல வாய் வராது.

ஜல்லிமணல்:

நான் சைட் இன்ஜினியர். யார் பணம் என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், என்ன போடப் போகிறீர்கள் என்பதை நான் பேசுகிறேன், ஏனென்றால் அதில்தான் பாதிப் பணம் வீணாகும்.

95 ரூபாய்க்கு என்ன தருகிறார் என்று எழுதி வாங்கினீர்களா? 60 மில்லி கல்லா 80 மில்லியா? அடியில் என்ன? அந்தக் குழாய்ப் பள்ளத்தை மறுபடி தோண்டி, அடுக்கு அடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்காமல், மேலே எம்சாண்ட் தூவி அதன் மேல் கல் பதித்தால் அடுத்த மழைக்கே அதே கோட்டில் உட்கார்ந்துவிடும். அடியில் கிராவல், அதன் மேல் வெட்மிக்ஸ் (தண்ணீர் கலந்த ஜல்லிக் கலவை), ரோலர், இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் கட்டு, இவ்வளவும் இருந்தால்தான் பேவர் நிற்கும். ஓரக் கட்டு இல்லாவிட்டால் கல் ஒவ்வொன்றாக வெளியே நகர்ந்து பல்வரிசை மாதிரி இடைவெளி விழும். நான் பார்த்த குறைந்த விலை மதிப்பீடுகளில் இந்த ஓரக் கட்டுதான் முதலில் காணாமல் போகும்.

அடுத்தது உயரம். இப்போது உங்கள் தெரு மட்டத்துக்கும் பழைய வீடுகளின் கேட் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? எல்லா அடுக்கும் சேர்த்தால் ஒரு அடிக்கு மேல் ஏறும். 90-களில் கட்டிய வீடு இரண்டு மூன்று கண்டிப்பாகப் பள்ளத்தில் போகும், அவர்கள் பணமும் கொடுத்து வீட்டுக்குள் தண்ணீரும் வாங்குவார்களா? பழைய தெருவைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், சுரண்டும் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா பாருங்கள். வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போய் விழுகிறது, இதற்குப் பதில் இல்லாமல் ரோடு போடவே கூடாது.

குடோன் விஷயம். எல்லோருக்கும் ஒரே பங்கு என்றால் அங்கேதான் அநியாயம். ஒரு அச்சின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு, இது 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு, இன்றைக்கும் ரோடு வடிவமைப்பில் பயன்படுகிறது. டைல்ஸ் ஏற்றிய ஒரு லோடு வண்டி ஒரு தடவை வந்து போவதற்கு உங்கள் 22 வீட்டு ஸ்கூட்டரும் மாதக்கணக்கில் ஓடினாலும் ஈடாகாது. முனை வீட்டோடு தூரக் கணக்குப் போட்டுச் சண்டை போடுவதை விட்டுவிட்டு அங்கே போய்ப் பேசுங்கள்.

முனைவீட்டுக்காரன்:

இன்ஜினியர் சார் வாயில் சர்க்கரை.

வாடகைக்குடி:

ஒரு சின்ன சந்தேகம். நான் வாடகைக்கு இருக்கிறேன், எங்கள் தெருவில் இந்த மாதிரி வசூல் வந்தபோது வீட்டுக்காரர் "நீங்கள்தானே நடக்கிறீர்கள், நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்றார். ரோடு போட்டதும் "இப்போது தெரு நன்றாக இருக்கிறது" என்று 1,500 ரூபாய் வாடகை ஏற்றினார்.

சங்கப்பொருளாளர்:

அய்யோ. கொடுக்காதீர்கள் தம்பி. ரோடு போட்டால் மனை விலை ஏறும், அந்த லாபம் வீட்டுக்காரருக்கு. வாடகைக்கு இருப்பவரிடம் மாதாமாதம் வாட்ச்மேன், தெரு பெருக்குவது இதற்கு மட்டும் வாங்கலாம்.

இனி எங்கள் கதை. வரி கட்டியவர் சொல்வது போல உட்கார்ந்து பார்த்தோம், மனு கொடுத்தோம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரிசையில் நின்றோம். எதுவும் நடக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவே அறுத்துக்கொண்டு போனது, அதற்கு அப்புறம்தான் போதும் என்று நாங்களே சிமெண்ட் ரோடு போட்டோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சட்டப்படி யார் பொறுப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் குழந்தைகள் படித்து முடித்துக் கல்யாணம் ஆகிப் போய்விடுவார்கள்.

எங்கள் கணக்கு: மொத்தச் செலவில் பாதியை எல்லா மனைக்கும் சமமாக, மீதிப் பாதியைத் தெருவைப் பார்த்த முகப்பு அகலத்தை வைத்துப் பிரித்தோம். மேல்மாடி கட்டி மூன்று நான்கு குடும்பம் வைத்திருந்தவர்களிடம் ஒன்றரைப் பங்கு. முனை வீட்டுக்குச் சமப் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு முகப்புப் பங்கை விட்டுவிட்டோம். தூரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று எங்களிலும் ஒருவர் சொன்னார், அப்படிப் பார்த்தால் உள்ளே போகப் போகச் சுமை ஏறி, கடைசி வீட்டுக்காரர்தான் எல்லோரையும் விடப் பெரிய பங்கு தர வேண்டி வரும்.

காலி மனைக்காரர்கள்தான் பெரிய தலைவலி. சிலருக்கு முகவரியே கிடையாது. அவர்கள் பங்கை நாங்கள் பிரித்துக் கட்டினோம், ஆனால் சங்கக் கணக்கில் அவர்கள் பெயரில் பாக்கி என்று எழுதி வைத்தோம். விற்க வரும்போது வாங்குபவர் தெருவில் விசாரிப்பார் இல்லையா, அப்போது பாக்கியைச் சொல்வோம். சட்டத்தில் இதற்குப் பலம் இல்லை, தெரியும். ஆனாலும் பெரும்பாலோர் கட்டினார்கள்.

இன்னொன்று, சங்கத்தைப் பதிவு செய்து அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் பணம் வாங்கினோம். தனி ஆள் ஜிபே எண்ணுக்கு வாங்காதீர்கள், நூறு ரூபாய் கணக்கு இடித்தாலும் தெருவில் தலை காட்ட முடியாது.

மனைமட்டும்:

காலி மனைக்காரன் பேசுகிறேன், துபாயில் இருக்கிறேன், முகவரியும் இருக்கிறது. மனை வாங்கி வருடக்கணக்கில் ஆகிறது, வீடு கட்டக் காசு சேரவில்லை. நான் கட்ட ஆரம்பிக்கும்போது என் செங்கல் லாரியும் கம்பி லாரியும் வந்து உங்கள் புது ரோட்டை உடைக்கும், அப்போது மறுபடி என்னிடம் தனியாகக் கேட்பீர்கள். இப்போதும் கொடு, அப்போதும் கொடு என்றால் எப்படி? என் மனையில் உங்கள் தெருக்காரர்கள் கொட்டி வைத்திருக்கும் கட்டட இடிபாட்டை முதலில் எடுங்கள், பாதிப் பங்கு இப்போது தருகிறேன், மீதி வீடு கட்டும்போது.

சங்கப்பொருளாளர்:

நியாயமான பேச்சு. இப்படி நாலு பேர் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

லண்டன்தூறல்:

இங்கே இங்கிலாந்திலும் இந்தச் சண்டை உண்டு, ஆறுதலுக்குச் சொல்கிறேன். கவுன்சில், அதாவது இங்குள்ள உள்ளாட்சி, ஏற்றுக்கொள்ளாத தெருக்கள் நாடு முழுக்க இருக்கின்றன, என் மாமா வீடு அப்படி ஒரு தெருவில்தான், லட்சக்கணக்கான பவுண்டு வீடுகளுக்கு நடுவே பள்ளமும் குழியும். 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி கவுன்சில் நினைத்தால் தானே அந்தத் தெருவைச் செப்பனிட்டுவிட்டு முகப்பு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களிடம் செலவை வசூலிக்கலாம். சரியாகப் போட்டு முடித்த பிறகு கவுன்சிலே ஏற்றுக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பெரிய பில் வரும் என்பதால் பல தெருக்காரர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்றே இருந்துவிடுகிறார்கள், பள்ளம் இருந்தால் வெளி வண்டிகள் குறுக்கே ஓடாது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள்.

பத்திரக்கட்டு:

அதே வெள்ளைக்காரன் காலத்து வழிதான் நம் 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் இருந்தது. தனியார் தெருவைச் சீர்செய்யச் சொல்லி ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு நகராட்சி உத்தரவு போடலாம், செய்யாவிட்டால் தானே செய்து அவர்களிடம் வசூலிக்கலாம், அப்படிச் சீரான தெருவை உரிமையாளர்கள் கேட்டால் பொதுத் தெருவாக அறிவிக்க வேண்டும். எந்த நகராட்சியும் அதைத் தேடிப் போய்ப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை, ஓட்டுப் போடுகிற தெருவுக்கு யார் பில் அனுப்புவார்கள்?

பொருளாளர் அம்மா சொன்ன வழியை நான் குறை சொல்லவில்லை, வெள்ளத்துக்கு அப்புறம் வேறு வழி இல்லை. ஆனால் கடைசிவீட்டுக்காரருக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசு. 11 லட்சத்து 40 ஆயிரத்தில் மூன்றில் ஒன்று 3 லட்சத்து 80 ஆயிரம், 30 மனைக்குப் பிரித்தால் 13,000 கூட வராது. ஆனால் அது ஊராட்சிச் சொத்தாக இருந்தால்தான். எம்எல்ஏ தொகுதி நிதியும் அப்படித்தான், தனியார் பட்டாவில் செலவழிக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் சாவி அந்தத் தானப் பத்திரம்தான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. தெருவின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? மனைக்குத்தான் எல்லோரும் போடுவார்கள், தெருவுக்கு யாரும் போடுவதில்லை. பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 'அ' பதிவேட்டையும் (நிலம் யார் பெயரில், என்ன வகை என்று இருக்கும்) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வருவாய்த்துறைத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கடைசிவீடு:

பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். மனை போட்டவர் இறந்துவிட்டார், அவருக்கு மூன்று வாரிசுகள். பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது, அதில் மற்ற நிலங்களோடு எங்கள் தெருவின் உட்பிரிவு எண்ணும் பரப்பளவோடு ஒரு வரியில் வருகிறது, இரண்டாவது மகன் பங்கில். தெரு என்று ஒரு வார்த்தை இல்லை, காலி நிலம் என்று எழுதியிருக்கிறது! குழுவில் போட்டேன். அதுவரை சமப் பங்கு தர மாட்டேன் என்ற எங்கள் முனை வீட்டுக்காரர்தான் முதலில் போன் பண்ணினார்.

வரிகட்டியவன்:

நாளைக்கு அந்த ஆள் குறுக்கே வேலி போட்டால்?

பத்திரக்கட்டு:

போட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம். 22 வீட்டுக் கிரயப் பத்திரத்திலும் நாலெல்லையில் ரோடு இருக்கிறது, அதை எழுதி விற்றது அவர் அப்பா, மகன் அதை மறுக்க முடியாது. ஆனால் வேறு யாருக்காவது விற்றுவிட்டால் தேவையில்லாத அலைச்சல். அதனால் அவரிடம் இப்போதே பேசுங்கள், சண்டையாகப் போகாதீர்கள். அவருக்கு அந்த நிலத்தால் ஒரு பயனும் இல்லை, மனையாக விற்கவும் முடியாது. தெருக்காரர்கள் பத்திரச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்றால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மூன்று வாரிசுகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், ஒருவர் பங்கில்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். அதற்கு முன்னால் ஊராட்சியில் "பெற்றுக்கொள்கிறோம்" என்று தீர்மானம் வேண்டும், இல்லாவிட்டால் பத்திரம் பதிந்தும் கோப்பில் தூங்கும்.

2017-இல் வந்த வரன்முறை விதிகளில் உங்கள் லேஅவுட் போனதா என்றும் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்ற அனுமதியில்லா லேஅவுட்டுகளுக்கு அது, காலக்கெடுவைப் பலமுறை நீட்டினார்கள். சிலர் தங்கள் மனையை மட்டும் வரன்முறை செய்திருப்பார்கள், அந்தக் கோப்பில் முழு லேஅவுட் வரைபடமும் இருக்கும், ஊராட்சிக்குக் காட்ட உதவும்.

ஜல்லிமணல்:

அதெல்லாம் முடிய எத்தனை மாதம்? மழை காத்திருக்காதே. தற்காலிகத்துக்குச் சொல்கிறேன், குழாய்ப் பள்ளத்தை மட்டும் தோண்டிக் கிராவல் போட்டு இறுக்குங்கள், மேலே ஜல்லியும் குவாரி டஸ்ட்டும், ஒரு நாள் ரோலர் வாடகை. ரப்பிஷ் மட்டும் அடிக்காதீர்கள், ஓசியில் தருகிறேன் என்று வீடு இடிக்கிறவர்கள் வருவார்கள், அதில் கம்பி, கண்ணாடி, டைல்ஸ் துண்டு எல்லாம் இருக்கும், டயர் தாங்காது, அப்புறம் அதைச் சுரண்ட இரட்டிப்புச் செலவு.

சங்கப்பொருளாளர்:

இதற்குத் தலைக்கு இரண்டாயிரம், மூவாயிரம்தான் வரும். இதில் முனை, கடைசி, தூரம் என்று கணக்குப் பார்க்காமல் சமமாக வாங்கிவிடுங்கள். பெரிய வேலை வரும்போது நுணுக்கமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

கடைசிவீடு:

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். டஸ்ட் வேலைக்கு 19 வீடு 2,500 கொடுத்துவிட்டார்கள். குடோன் வைத்திருப்பவரிடம் இன்ஜினியர் சார் சொன்ன பதினாறு மடங்குக் கணக்கைச் சொன்னோம், சிரித்தார், ஆனால் ரோலரும் கிராவலும் என் செலவு என்று ஒப்புக்கொண்டார். பெரிய வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திச் சின்ன வண்டியில் மாற்றி எடுத்து வரும்படி கேட்டோம், அதற்குப் பதில் சொல்லவில்லை. மூன்று வீடு இன்னும் தரவில்லை, அதில் ஒருவர் வரி கட்டியவர் சார் சொன்ன அதே காரணத்தைச் சொல்கிறார்.

இரண்டாவது மகன் கோயம்புத்தூரில் இருக்கிறார், போனில் பேசினேன். "எனக்கு அப்படி ஒரு நிலம் இருப்பதே தெரியாது" என்றார், பத்திர நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டோம். முத்திரை போட மட்டும் செயலர் ரொம்ப யோசித்தார்.

பத்திரக்கட்டு:

அந்த முத்திரை நகலைப் பத்திரமாக வையுங்கள். கிராம சபையன்று வீட்டுக்கு ஒருவராவது போங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வரியில் தெருவின் உட்பிரிவு எண் இருக்க வேண்டும், "மேற்படி தெரு" என்று மொட்டையாக எழுதினால் திருத்தச் சொல்லுங்கள்.